கரும்புப் பாப்பா

சமயநல்லூர்
18.1.1975

பிறைநிலா வாழ்த்து அட்டை கம்பெனி முதலாளி அவர்களுக்கு,

லாரி டிரைவர் தவசியின் மனைவி சோலையம்மாள் எழுதுவது. நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். உங்கள் விலாசம் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. பிள்ளையார் சுழி போடாமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இந்த வருசம் பொங்கல் இல்லை. போன ஆடியில் என் மூத்த மகள் அன்னக்கொடி மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயது.

துக்க வீட்டுக்கு யாரும் வாழ்த்து அனுப்பமாட்டார்கள். விசயம் தெரியாத ஒருவர், என் வீட்டுக்காரரோடு முன்னால் லாரி ஓட்டியவர், பழனியிலிருந்து அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மாட்டுப் பொங்கலன்று தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். கவரைப் பிரித்தால் என் மகள் நிற்கிறாள்.

பொங்கப்பானைக்குப் பக்கத்தில், கையில் கரும்போடு, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளேதான். போன வருசம் தெப்பத் திருவிழாவுக்கு வண்டியூர் போயிருந்தோம். என் நாத்தனார் வீடு அங்கேதான். தெப்பக்குளத்துப் படியில், கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர், "பாப்பா, கரும்பக் கடிக்காம இங்கிட்டுக் கொஞ்சம் பாரு" என்று சொல்லிப் படம் எடுத்தார். ஒரு காப்பி அனுப்புகிறேன் என்று விலாசமும் வாங்கிக்கொண்டார். அனுப்பவே இல்லை. அங்கே பானை ஏதும் கிடையாது. அது நீங்களாக வைத்தது.

என் வீட்டுக்காரர் அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். நான் கையை விட்டு எடுத்துவிட்டேன். ஒரு ஓரம் கருகியிருக்கிறது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மகளை இனிமேல் ஊர் ஊராக விற்கவேண்டாம். நிறுத்திவிடுங்கள். செத்த பிள்ளையைத் தபாலில் வாங்கிப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

இப்படிக்கு,
சோலையம்மாள்


786
கோரிப்பாளையம், மதுரை
2.2.1975

சோலையம்மாள் அம்மா அவர்களுக்கு, சேக் இஸ்மாயில் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். என் மனைவி மைதீன் பீவிதான் மீதியைப் படித்துச் சொன்னாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்தாலும் இது என்னவென்று புரியாத அளவுக்கு நாங்கள் கல் இல்லை.

எங்கள் தொழிலைச் சொல்கிறேன், சாக்குச் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். சிவகாசியில் ஒரே பெரிய தாளில் பல படங்களைச் சேர்த்து அச்சடித்து, அப்புறம்தான் வெட்டுவார்கள். உங்கள் மகளுக்கு ஒரு பக்கம் கொம்பு சீவிய காளை, மறுபக்கம் சூரியன். அவளை மட்டும் எடுக்கவேண்டுமென்றால் பிளேட்டையே புதிதாகப் போடவேண்டும். போட்டுவிடுகிறேன். கடைகளுக்குப் போய்விட்ட அட்டைகளுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. விற்காததைக் கடைக்காரர்கள் கட்டிப் பரணில் போட்டு, அடுத்த தையில் தூசி தட்டி வைப்பார்கள். அதற்காகவே நாங்கள் அட்டையில் வருசம் போடுவதில்லை. எல்லா ஏஜெண்டுகளுக்கும் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். எத்தனை பேர் அனுப்புவார்கள் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

படம் எடுத்தவர் மலையாண்டி. என் அட்டைகளுக்குப் படம் வரைகிறவரும் அவர்தான். உங்களுக்கு அனுப்பவேண்டிய காப்பியை மேசை டிராயரிலேயே போட்டு மறந்திருக்கிறார். ஏச வேண்டிய அளவுக்கு ஏசிவிட்டேன். காப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் மகளுக்காகத் துவா செய்கிறோம். இனி அவள் வரமாட்டாள்.

இப்படிக்கு,
சேக் இஸ்மாயில்


சமயநல்லூர்
25.1.1976

இஸ்மாயில் அண்ணனுக்கு,

வரமாட்டாள் என்று எழுதினீர்கள். வந்துவிட்டாள். இந்தத் தடவை மூன்று அட்டை. எல்லாம் யாரோ ஒரு கடைப் பரணில் கிடந்த பழைய சரக்கு. கோபத்தில் எழுதவில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நானே வாசலில் போய் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

வேறு ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். வயசுக்கு வராமல் இறந்த பெண்பிள்ளை எங்கள் பக்கத்தில் அந்த வீட்டுக்குக் கன்னிசாமி. தை மாசம் அவளுக்குப் புதுப்பாவாடை சட்டை எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவோம். அடுத்த தையில் புதுசு வைக்கும்போது பழசை எடுத்து, வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். இதுதான் வழக்கம்.

துணி எடுக்க நானும் நாத்தனார் பாண்டியம்மாளும் டவுனுக்கு வந்தோம். கடைக்காரர், "எத்தன வயசுப் பிள்ளைக்கும்மா?" என்று கேட்டார். நான் எட்டு என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் என் விலாவில் கிள்ளினாள். "ஏழுன்னு சொல்லு. சாமி வளராது" என்றாள். எனக்கு ஏழு என்று சொல்ல வாய் வரவில்லை. அவளேதான் சொல்லி வாங்கினாள். பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் அட்டையிலும் அவள் ஏழிலேயே நிற்கிறாள். ஒன்று மட்டும் கேட்கிறேன், பைத்தியக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை. மலையாண்டி வரைகிறவர்தானே? அந்த இரண்டு பல்லையும் முளைக்க வைக்கச் சொல்லுங்கள். இந்நேரம் முளைத்திருக்கும்.

உங்கள் தங்கச்சி,
சோலையம்மாள்


786
கோரிப்பாளையம்
14.8.1976

தங்கச்சி சோலையம்மாளுக்கு,

போன வருசம் நிறுத்தச் சொன்னாய், நிறுத்தினேன். இந்த வருசம் வளர்க்கச் சொல்கிறாய். இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்தது யோசனையில்தான்.

மலையாண்டியிடம் சொன்னேன். முடியாது என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "செத்த பிள்ளைக்குப் பல்லு வரையச் சொல்றீகளே பாய், என் கை வெளங்குமா?" என்றார். அன்று அவர் எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தார். மைதீன் பீவி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அந்தம்மா கேட்டது ரெண்டு பல்லுதானே, முளைக்கட்டுமே" என்றாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போனார். மறுநாள் வரைந்து கொண்டுவந்தார். அதன் மாதிரி அச்சு, ப்ரூஃப், இத்துடன் இருக்கிறது.

இதைத் தருமம் என்று நினைக்காதே. நான் பொங்கலுக்குப் பானை வைக்காத வீட்டுக்காரன். ஆனால் பானை எந்தப் பக்கம் வழிந்தால் அட்டை விற்கும் என்பது எனக்குத் தெரியும். போன சீசனில் கடைக்காரர்கள் எல்லாம், "எங்க பாய் நம்ம கரும்புப் பாப்பா?" என்று முகத்தைச் சுளித்தார்கள். உன் மகள் இல்லாமல் வியாபாரம் மந்தம்தான். எனக்கும் இதில் சுயநலம் உண்டு, உன்னிடம் மறைக்க விருப்பமில்லை.

பல் சரியாக இருக்கிறதா என்று எழுது.

அண்ணன்,
இஸ்மாயில்


சமயநல்லூர்
9.9.1980

அண்ணனுக்கு,

இந்த வருசம் அட்டைக்குச் சில சேதி. அன்னக்கொடிக்கு இப்போது பதிமூன்று. பாவாடை சட்டை போதாது, தாவணி போட்டுவிடச் சொல்லுங்கள். வகிடு இடது பக்கம் எடுத்திருப்பாள். காதோரம் முடி சுருண்டு நிற்கும், எண்ணெய் வைத்தாலும் படியாது. தாடையில் வலப்பக்கம் ஒரு மச்சம். சிரிக்கும்போது உதட்டை மூடிக்கொள்வாள், இந்த வயசில் அப்படித்தான். போன வருசப் படத்தில் மலையாண்டி அண்ணன் பல் தெரிய வரைந்திருந்தார், அது சின்னப் பிள்ளைச் சிரிப்பு.

இங்கே ஒரு சண்டை நடந்து ஓய்ந்தது. நான் நாத்தனாருக்குத் தெரியாமல், வருசா வருசம் கொஞ்சம் பெரிய அளவாகத்தான் பெட்டியில் வைத்து வந்தேன். தையல்காரர் அளவு கேட்பார். வெறும் காற்றை அளந்து காட்ட முடியுமா? சின்னவள் தங்கப்பொண்ணை நிறுத்தி அளவெடுத்து, அவள் இரண்டு வயசு இளையவள் என்பதால் கொஞ்சம் கூட்டி வெட்டச் சொல்வேன். பழசை எடுத்து அவளுக்குக் கொடுக்கவும் மனசு வரவில்லை. உடுத்தினால் கசங்கும், கிழியும். எல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது.

போன தையில் வந்தபோது பாண்டியம்மாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டாள். "ஏழு வயசுப் பிள்ளையத்தான சாமியாக் கும்பிடுறோம்? இம்புட்டுப் பெரிய பாவாடை யாருக்கு? நீ யார வரச் சொல்லிக் கூப்புடுற?" என்று கத்தினாள். நான் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினேன்.

மூடி இப்போது பொருந்துவதில்லை. மூடி வைத்தாலும் காலையில் பார்த்தால் திறந்து கிடக்கிறது. பரணில் சரசரவென்று சத்தம் கேட்கிறது. எலி என்கிறார் என் வீட்டுக்காரர். எலி கொலுசு போடுமா அண்ணே?

தங்கப்பொண்ணு அட்டைகளை வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்க்கிறாள். "நானும் வளர்றேன், அக்காவும் வளர்றா. நான் எப்பம்மா அவளப் பிடிக்கிறது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

தங்கச்சி,
சோலையம்மாள்


786
கோரிப்பாளையம்
3.11.1980

தங்கச்சிக்கு,

தாவணி, வகிடு, சுருட்டை முடி, எல்லாம் நீ சொன்னபடி ஆயிற்று. மச்சத்துக்கு மட்டும் மலையாண்டி தயங்கினார். அன்று தெப்பக்குளத்தில் எடுத்த படத்தின் ஃபிலிமை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். தாடையில் மச்சம் ஏதும் இல்லை. "பெத்தவளுக்குத் தெரியாததா, பிற்பாடு வர்ற மச்சமும் உண்டு" என்றாள் மைதீன் பீவி. வைத்தாயிற்று.

ஒரு விசயம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். மலையாண்டி இப்போது உன் கடிதத்தைக் காது கொடுத்துக் கேட்பதோடு சரி. அதைப் பார்த்து வரைவதில்லை. கேட்டால், வாசல் பக்கம் தலையைக் காட்டுகிறார். "வந்து நிக்கிது பாய். வெயில மறைச்சுக்கிட்டு நிக்கிது. கரும்பக் கடிக்கட்டுமான்னு கேக்குது" என்கிறார். குடிக்கிற ஆளில்லை, எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளிவாசல் அஸ்ரத்திடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். உயிருள்ளதைப் படம் வரைந்தவனை மறுமை நாளில் நிறுத்தி, நீ வரைந்ததற்கு உயிர் கொடு என்று கேட்பார்களாம். கொடுக்க முடியாமல் நிற்பானாம். அட்டைக் கடை வைத்திருப்பவன் இதற்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்காது, இத்தனை வருசம் பயப்படாமல்தான் இருந்தேன். இப்போது எனக்கு வேறு பயம். நாங்கள் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. சிவகாசியிலிருந்து ப்ரூஃப் வந்தால் மேசையில் குப்புறத்தான் வைக்கிறேன். மற்ற படங்களை அப்படி வைப்பதில்லை.

போதும் என்று நீ சொன்னால் இந்த வருசத்தோடு நிறுத்திவிடலாம். உன் பதிலைப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.

இஸ்மாயில்


சமயநல்லூர்
8.11.1980

அண்ணனுக்கு,

நிறுத்தவேண்டாம். மலையாண்டி அண்ணன் வாசலுக்கு வருகிறவள் ஒருநாளாவது என் வாசலுக்கு வரமாட்டாளா என்று இருக்கிறது. அவரிடம் சொல்லி, கடிக்கட்டும் என்று சொல்லச் சொல்லுங்கள். கரும்பைக் கடிக்க விடாமல்தானே அன்றைக்குப் படம் எடுத்தார்.

சோலையம்மாள்


786
கோரிப்பாளையம்
21.9.1987

தங்கச்சி சோலையம்மாளுக்கு,

அட்டைக்கு வேண்டிய விவரத்தை நீ எழுதுவதும், அதன்படி அச்சடித்து நான் அனுப்புவதுமாகவே இத்தனை வருசம் ஓடிவிட்டது. இன்றைக்கு நானாக எழுதுகிறேன். படித்துவிட்டுப் பதறாதே.

செக்கானூரணியில் விருமாண்டி என்று எனக்கு ஒரு ஏஜெண்டு இருக்கிறார். நோட்டுப் புத்தகக் கடை, நல்ல மனுசன். போன வாரம் வெள்ளை வேட்டி சட்டையோடு, தட்டில் பூ பழம் வெற்றிலையோடு கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஏதோ கடைத் திறப்பு விழா என்று நினைத்தேன். பையிலிருந்து நம் அட்டைகளை எடுத்துப் பரப்பினார். முதல் வருசத்திலிருந்து ஒன்று விடாமல் வைத்திருக்கிறார்.

"பாய், இந்தப் பிள்ள பல்லில்லாம நின்னதுல இருந்து நாங்க பாத்துக்கிட்டு வாரோம். எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. என் மகனுக்குக் கேக்கலாம்னு வந்தேன். யாரு வீட்டுப் பிள்ளன்னு மட்டும் சொல்லுங்க" என்கிறார்.

அந்தப் பிள்ளை மௌத்தாகிப் பதிமூன்று வருசம் ஆகிறது என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செத்த பிள்ள வளருமா பாய்? எடத்தச் சொல்ல இஷ்டமில்லேன்னா நேராச் சொல்லுங்க" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனார். தட்டை இங்கேயே விட்டுவிட்டார். வாழைப்பழம் கறுத்துக்கொண்டு கிடக்கிறது, எடுத்துப் போட மனசில்லை.

அவரிடம் நான் விலாசம் கொடுக்கவில்லை. மலையாண்டியிடம் போய்க் கேட்டிருப்பார் போலிருக்கிறது. வந்தால் என்ன சொல்வதென்று யோசித்து வை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணன்,
இஸ்மாயில்


சமயநல்லூர்
12.10.1987

அண்ணனுக்கு,

வந்தார்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே வந்தார். என் வீட்டுக்காரர் வண்டிக்குப் போயிருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, எப்படிச் சொல்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். தங்கப்பொண்ணு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் செம்பை வாங்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். "இந்தாத்தான நிக்கிது பிள்ள! செத்துப்போச்சுன்னு பாய் பொய் சொல்லிட்டாரே" என்று கையில் இருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

அட்டையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். இடது வகிடு. படியாத சுருட்டை முடி. உதட்டை மூடிய சிரிப்பு, அன்றைக்குச் சிரிப்பு இல்லை, ஆனால் அதே உதடு. தாடையில் மச்சம். அண்ணே, அன்னக்கொடிக்கு மச்சம் கிடையாது. நீங்கள் அன்றே எழுதினீர்கள், நான் காதில் வாங்கவில்லை. மச்சம் இவளுக்கு. இத்தனை வருசமும் இவளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளை எழுதி அனுப்பியிருக்கிறேன். என் கண் முன்னால் ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறாள். அந்த வளர்த்தியை எல்லாம் தூக்கிச் செத்தவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

விருமாண்டி நல்ல மனசோடுதான் கேட்டார். தங்கப்பொண்ணுதான் அவருக்குப் பதில் சொன்னாள். "படத்துல இருக்கறவளக் கேட்டுத்தான வந்தீக? அவ பரண்ல இருக்கா. எறக்கிக் கூட்டிட்டுப் போங்க." மனுசன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அவள் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. "தையக்கடையில கைய விரி, திரும்பி நில்லுன்னு வருசா வருசம் நிறுத்தி வப்ப. எனக்குத்தான்னு மொத ரெண்டு வருசம் நெனச்சேன். அளவெடுக்க மட்டும் நானு, உடுத்த அவளாம்மா?" என்றாள்.

இரண்டு சேலையைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியூர் போய்விட்டாள், அவள் அத்தை வீட்டுக்கு. நான் போய்க் கூப்பிட்டேன். வெளியே வரவில்லை. நாத்தனார் கதவை மறித்துக்கொண்டு, "கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள். என் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்துவிட்டார், அவரோடும் வரவில்லை.

ஒரு மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தேன். இன்னொருத்தியை நானே தொலைத்துவிட்டு நிற்கிறேன். உங்களுக்கு வண்டியூர் கிட்டத்தில்தானே, ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள் அண்ணே. மைதீன் பீவி மதினியையும் கூட்டிப் போங்கள். என்ன சொன்னால் வருவாள் என்று கேட்டு எழுதுங்கள். வீட்டில் இப்போது பரண் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

சோலையம்மாள்


786
கோரிப்பாளையம்
6.12.1987

தங்கச்சிக்கு,

மூன்று தடவை போனோம். முதல் தடவை என் முகத்தையே பார்க்கவில்லை. நியாயம்தானே, அவள் முகத்தை அவளைக் கேட்காமல் விற்றவன் நான். அதை வாய்விட்டுச் சொன்னேன். இரண்டாம் தடவை மைதீன் பீவியோடு மட்டும் பேசினாள். மூன்றாம் தடவைதான் எனக்கு டீ வந்தது.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். தெப்பக்குளத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "பொங்கல் வந்தா எங்கம்மா தபால்காரருக்காக வாசல்ல நிக்கும். அம்புட்டு அட்டை வரும். ஒண்ணுல கூட எம்பேரு இருந்ததில்ல மாமா. எங்கம்மாவ எனக்கு ஒரு அட்டை போடச் சொல்லுங்க. எம்பேரு எழுதிப் போடணும். படத்துல ஆளே இருக்கக் கூடாது."

அவ்வளவுதான் கேட்டாள். நானாக இருந்தால் ஒரு தங்கச் சங்கிலியாவது கேட்டிருப்பேன்.

பிளேட்டை உடைத்துப் பழைய சாமானுக்குப் போட்டாயிற்று. ஃபிலிமை உன் கையில்தான் கொடுக்கவேண்டும், பத்திரமாக இருக்கிறது. கரும்புப் பாப்பா இனி இல்லை என்று எல்லா ஏஜெண்டுகளுக்கும் எழுதினேன். விருமாண்டி மட்டும் பதில் போட்டார். மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார், உனக்கும் சொல்லச் சொன்னார். மலையாண்டியின் வாசலுக்கு இப்போது யாரும் வருவதில்லையாம். வெயில் நேராக உள்ளே வந்து கண் கூசுகிறது என்றார். சொல்லும்போது அழுதார்.

இத்துடன் ஒரு கட்டு அட்டை அனுப்பியிருக்கிறேன். பானை, மஞ்சள் கொத்து, கரும்பு, மேலே சூரியன். ஆள் கிடையாது. என் கடையிலேயே விற்காத சரக்கு இது, ஆள் இல்லாத பொங்கலை யார் வாங்குவார்கள்? எழுத்து பிசகினால் இன்னொன்றில் எழுதிக்கொள். சீக்கிரம் எழுது. சீசன் நெருங்கினால் தபால் தாமதமாகும், அது தொழில்காரன் சொல்வது.

அண்ணன்,
இஸ்மாயில்


உ
சமயநல்லூர்
22.1.1988

இஸ்மாயில் அண்ணனுக்கும் மதினிக்கும்,

மேலே பார்த்தீர்களா, சுழி போட்டிருக்கிறேன்.

கட்டாக அனுப்பினீர்கள், நல்லதாகப் போயிற்று. முதல் அட்டையில் பெயர் எழுதிவிட்டுப் பார்த்தால் அன்னக்கொடி என்று இருக்கிறது. நான் நினைத்து எழுதவில்லை, கை எழுதியிருக்கிறது. கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். அதிலும் 'அ' போட்டுவிட்டேன். பரணைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன், "ஆத்தா, இந்த ஒண்ணையாச்சும் அவளுக்கு விட்டுக்குடுடீ" என்று. அப்புறம்தான் தங்கப்பொண்ணு என்று எழுத வந்தது. 'பொங்கலுக்கு வா. உன்னைத்தான் கூப்பிடுகிறேன். அம்மா.' இவ்வளவுதான் எழுதினேன். இதுவரை நான் யாருக்கும் வாழ்த்து அனுப்பியதில்லை, எப்படி எழுதவேண்டும் என்று தெரியாது.

பொங்கலன்று வரவில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றேன். இந்தத் தடவை தபால்காரருக்காக இல்லை. மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு, உச்சி வெயிலில், அத்தையோடு வந்தாள். கையில் அட்டை இருந்தது. நேராகப் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினாள்.

பெட்டியில் இருந்ததை எல்லாம் வாசலில் விரித்துப் போட்டோம். ஏழு வயசுப் பாவாடையிலிருந்து போன வருசச் சேலை வரை. பாண்டியம்மாள் ஏசவில்லை. "அப்பப்ப எடுத்துக் குடுத்திருந்தா உன் மகளே உடுத்திக் கிழிச்சிருப்பா" என்று மட்டும் சொன்னாள். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அளவுக்குத் தக்கபடி கொடுத்துவிட்டோம். அன்று பொழுது சாய்கிறவரை தெருவெல்லாம் அன்னக்கொடிதான் அண்ணே. ஏழு வயசில் ஒருத்தி ஓடுகிறாள், பத்து வயசில் ஒருத்தி கரும்பு கடிக்கிறாள், தாவணியில் ஒருத்தி தண்ணீர்க் குடம் எடுத்துப் போகிறாள். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இருட்டியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் பரணில் சத்தமே இல்லை. அதுவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நேற்று நானும் தங்கப்பொண்ணும் டவுனுக்கு வந்தோம். உங்கள் கடைக்கு வர நேரமில்லை, மன்னிக்கவேண்டும். அதே துணிக்கடைதான். முன்பு கேட்டவரின் மகன் இப்போது உட்கார்ந்திருக்கிறார். ஒரு பாவாடை சட்டையும் ஒரு சேலையும் வேண்டும் என்றேன். "பாவாடை எத்தன வயசுக்கும்மா?" என்றார்.

"ஏழு" என்றேன். வாய் வந்துவிட்டது.

"சேலை என்ன கலர்ல எடுக்க?"

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். என்ன கலர் அவளுக்குப் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வகிடு தெரியும், மச்சம் தெரியும், தோளிலிருந்து கால்வரை அளவு தெரியும். இது தெரியவில்லை.

"அவகிட்டயே கேளுங்கய்யா, எனக்குத் தெரியாது" என்றேன்.

பச்சை கேட்டாள் அண்ணே. ஊதாக்கரை போட்ட பச்சை.

தங்கச்சி,
சோலையம்மாள்